ஒரே நேரத்தில் 10 பந்துகள்: யார் இந்த ரஸ்டெல்லி?

மூணு பந்தை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டுப் பிடிப்பதற்கே நமக்குக் கை தடுமாறும். ஒரே நேரத்தில் 10 பந்துகளைக் காற்றில் சுழலவிட்டவர் என்ரிகோ ரஸ்டெல்லி. ஜக்ளிங் என்றாலே இன்றைக்கும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று.

குடும்பம் இத்தாலி. ஆனால் அவர் பிறந்தது 1896 டிசம்பரில், ரஷ்யாவின் சமாரா நகரில். காரணம் சிம்பிள்: பெற்றோர் சர்க்கஸ் கலைஞர்கள். கூடாரம் எங்கே போகுதோ, அதுதான் வீடு. அவரும் முதலில் குடும்பத்தோடு அந்தரத்தில் வித்தை காட்டினார். மனசு மட்டும் பந்துகள் மேலேயே இருந்தது.

1920-களில் ஐரோப்பா, அமெரிக்காவின் பெரிய மேடைகள் அவரைத் தேடி அழைத்தன. கால்பந்து வீரர் உடையில் வந்து நிற்பார். பார்வையாளர்கள் பெரிய பந்தை வீசுவார்கள். வாயில் கவ்விய குச்சியின் நுனியில் அதை வாங்கி, அப்படியே நிறுத்துவார். இவ்வளவு புகழ் வந்த பிறகும் தினமும் பல மணி நேரப் பயிற்சியை விடவில்லை.

அந்தக் குச்சியே வினையானது என்கிறார்கள். ஈறில் சின்னக் காயம், அதிலிருந்து தொற்று. ஆன்டிபயாடிக் மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலம் அது. 1931 டிசம்பர் 13 அன்று இத்தாலியின் பெர்காமோவில் இறந்தார். 35-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன.

இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பெர்காமோவில் அவரது கல்லறையில் ஆளுயரச் சிலை இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றியவர், கடைசியில் குடும்பத்தின் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டார்.