25 ரூபாய்ச் சம்பளத்தை விட்டவர்

(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

கோவை ரயிலடியிலிருந்து டவுன்ஹால் பக்கம் போக வெரைட்டி ஹால் சாலை உண்டு. பள்ளி நாளிலிருந்து எத்தனையோ முறை அதில் நடந்திருக்கிறேன். ஹால் எங்கே, அதில் என்ன வெரைட்டி என்று ஒருநாளும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு வகுப்புக் கட்டுரை ஒன்றுக்காக நூலகத்தில் தேடியபோதுதான் விடை கிடைத்தது. அந்தச் சாலைக்கு உயிர் கொடுத்தவரின் பெயரும் கிடைத்தது: சாமிக்கண்ணு வின்சென்ட்.

அவரைப் படித்த நேரம் என் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பட்டம் கைக்கு வரும் முன்பே குரூப் 4 தேர்வு எழுதி ஓர் அரசாங்க நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. எனக்கோ நண்பன் ஒருவனோடு சேர்ந்து ஒளிப்படக் கடை வைக்க ஆசை. ஆகவே வின்சென்டின் வரலாற்றைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் என்னால் படிக்க முடியவில்லை.

1883-இல் கோவையில் பிறந்தவர் அவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர் வேலை. மாதம் 25 ரூபாய்ச் சம்பளம். அந்தக் காலத்து 25 ரூபாயை இன்றைய கண்ணால் பார்த்துச் சிரிக்கக்கூடாது. ரயில்வே உத்தியோகம் என்றால் ஊரில் தனி மதிப்பு. பெண் கொடுக்கவும் ஆள் வரும்.

1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவி ஒன்றோடு திருச்சிக்கு வந்தார். இலங்கையில் படம் காட்டிவிட்டு வந்தவர், இங்கே நோயில் விழுந்தார். கருவியையும் படச் சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப முடிவு செய்தார். இயேசுநாதர் வரலாற்றுப் படமும் அச்சுருள்களில் ஒன்று. விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். வின்சென்ட் எப்படியோ பணத்தைப் புரட்டி வாங்கிவிட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,000 ரூபாய் என்பது அவருடைய 80 மாதச் சம்பளம். ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் ஆறு ஆண்டு எட்டு மாதம் ஆகும். அவருக்கு அப்போது வயது 22. நம் முதுகலை வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் வயது! பம்பாயில் லூமியேர் சகோதரர்களின் படம் முதன்முதல் காட்டப்பட்டு ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. இது நிலைக்கும் தொழிலா, நாலு நாள் வேடிக்கையா என்று சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் வேலையை விட்டார். அவர் வீட்டிலும் எங்கள் வீட்டு வழக்கு நடந்திருக்குமோ என்று எண்ணிக்கொள்கிறேன்.

பிறகு ஊர் ஊராகக் கூடாரம். தென்னிந்தியரில் இப்படிச் சலனப்படம் காட்டக் கிளம்பிய முதல் மனிதர் அவரே என்பது அறிஞர் கருத்து. லாரி என்ற சொல்லே நம்மூரில் புழங்காத நாள்கள் அவை. ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியதே 1920-இல்தான். அப்படியிருக்கக் கூடாரத் துணி, கம்பம், கருவி, படப்பெட்டி எல்லாம் ரயிலேறி இறங்கி மாட்டுவண்டியில்தான் ஊருக்குள் வந்திருக்க வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்த அனுபவம் இங்கே கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சென்னையில் எஸ்பிளனேடு பக்கம் கூடாரம் அடித்தார். வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும் கடல் கடந்து ரங்கூன் வரையிலும் போய்க் காட்டினார். படம் பேசாது, ஆகவே எந்த மொழிக்காரரும் பார்க்கலாம். ஊமைப்படத்துக்கு இப்படி ஒரு சௌகரியம் இருந்ததைப் பேசும்படம் வந்தபின் நாம் மறந்துவிட்டோம்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது இனிமேல் வருவது. கொஞ்சம் காசு கண்டவர், தொழில் ரகசியத்தைப் பொத்தி வைத்துக்கொள்ளவில்லை. பிரான்சின் பாதே நிறுவனத்துக்கு முகவராகிப் படக்கருவிகளைப் பிறருக்கு விற்கத் தொடங்கினார். அதாவது, தமக்குப் போட்டியாளர்களைத் தாமே உண்டாக்கினார். கருவி வாங்கியவன் சும்மா இருப்பானா? அவனும் ஒரு கூடாரம் போட்டான்.

1914-இல் சொந்த ஊர் திரும்பி வெரைட்டி ஹாலைக் கட்டினார். சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டியதும் அந்த ஆண்டே. கோவைக்கு பைக்காரா மின்சாரம் எட்டியது 1930-களில். அதற்கு வெகு முன்பே வின்சென்ட் தம் சொந்த எந்திரத்தில் மின்சாரம் எடுத்துக் கொட்டகையை நடத்தினார். பகலில் எந்திரம் சும்மா நிற்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, மின்விசையில் ஓடும் மாவு மில்லும் அச்சகமும் நடத்தினார். இரவில் படம் காட்டிய மின்சாரம் பகலில் மாவரைத்தது என்று சொன்னபோது எங்கள் பாட்டி நம்ப மறுத்துவிட்டார்.

1931-இல் காளிதாஸ் வந்து திரை பேசத் தொடங்கியதும், படமெடுக்கும் வேலையிலும் இறங்கினார். தென்னாட்டில் பேசும்படத்துக்கு ஸ்டூடியோ இல்லாத நேரம். கல்கத்தாவின் பயனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து, டி.பி. ராஜலட்சுமி நடிக்க, 1933-இல் வள்ளி திருமணம் எடுத்தார். படம் நன்றாக ஓடியது. பின்னர் கோவையிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோஸ் எழுந்தபோது அதற்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 1942 ஏப்ரலில் காலமானபோது அவருக்கு வயது 59.

வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியது. பழைய பெயரைச் சாலை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அந்த 2,000 ரூபாயை யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. குரூப் 4 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.