செஸ்டர் கார்ல்ஸன் சரித்திரச் சுருக்கம்

செஞ்சிக் கோட்டையைக் காணச் சென்ற நாம், பனமலைக் குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் ஆலயத்தையும் தரிசித்து மீண்டு, கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையை அடைந்தோம். அங்கே ஒரு மாணாக்கர் விண்ணப்பத்துடன் அனுப்பவேண்டிய சான்றிதழின் படிகளைப் பெற்று வாடி நின்றார். ஒவ்வொரு தாளிலும் ஒரு கருங்கோடு எழுத்துக்களை ஊடறுத்து ஓடிற்று. டிரம்மில் கீறல் விழுந்ததென்றும், புதியது வாங்கக் கைப்பொருள் இல்லை என்றும் கடைக்காரர் வருந்தினார். அதனைச் செப்பனிடலாமோ, மாற்றியே தீரவேண்டுமோ என்னும் கேள்வி, அவ்வியந்திரத்தின் மூலபுருஷராகிய செஸ்டர் கார்ல்ஸன் என்பாரின் சரித்திரத்தை எமக்கு நினைப்பூட்டிற்று.

இவர் 1906-ஆம் வருஷம் பெப்ருவரி மாதம் 8-ந் தேதி அமெரிக்காவிலுள்ள சியாட்டில் நகரிற் பிறந்தார். தந்தையார் நோயால் நலிந்தமையின், இளமையிலேயே உழைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பதினேழாம் வயதில் அன்னையை இழந்தார். ஆயினும் கல்வியைக் கைவிடாது, 1930-இல் பௌதிக சாஸ்திரத்திற் பட்டம் பெற்றார்.

பின்னர் நியூயார்க்கில் காப்புரிமை அலுவல் பார்க்கையில், வேண்டும் படிகள் கிடையாமையும், கையால் எழுதுதலின் துன்பமும் அவரை வருத்தின. கீல்வாதமும் உடன் சேர்ந்தது. 1938 அக்டோபர் 22-இல், அஸ்டோரியா என்னுமிடத்தில், ஆட்டோ கோர்னி என்னும் துணைவருடன், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, ஒளியைச் செலுத்தி, நுண்பொடி தூவி, முதற் படியை எடுத்தார். இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அதனை மறுத்தன. 1944-இல் பாட்டெல் ஆராய்ச்சி நிலையமும், அதன்பின் ஹாலாய்டு கம்பெனியும் கைகொடுத்தன. 1959-இல் 914 என்னும் இயந்திரம் வெளிவந்தது. தட்டைத் தகட்டுக்குப் பதிலாக, செலினியம் பூசிய உருளை அதிற் சுழன்றது. அதனை மாத வாடகைக்கே பெரும்பாலும் விட்டமையால், பழுது பார்ப்பது கம்பெனியின் கடனாயிற்று. இன்றோ அச்சுமை சிறு கடைக்காரர் தலைமேல் விழுகின்றது.

நிற்க. டிரம்மின் மேற்பூச்சு இருளில் மின்னைத் தாங்கும். ஒளி பட்ட இடத்தில் விட்டுவிடும். மேலே பொடி படிந்த கறையாயின், வெளிச்சம் படாது மெல்லிய துணியால் துடைக்க நீங்கும். கீறல் பூச்சைக் கடந்து அலுமினியத்தைத் தொட்டதாயின், அங்கே மின் நில்லாது, ஒட்டுப்போடுதலும் பயனில்லை. முற்காலத்துச் செலினியம் உருளைகளுக்குப் பழைய பூச்சை நீக்கிப் புதிதாய்ப் பூசுதலுண்டு. இக்காலத்து மெல்லிய கரிமப் பூச்சு உருளைகளுக்கோ, மாற்றுதலே பெரும்பாலும் சிக்கனமாம். ஆகவே முதலில் துடைத்துப் பார்ப்பதே முறை. யாம் நின்ற கடையில் சில புள்ளிகள் மறைந்தன, கோடு மறையவில்லை. கடைக்காரர் கடன் வாங்கியேனும் புதிய டிரம் பொருத்தத் துணிந்தார். மாணாக்கர் வேறு கடை தேடிப் போனார்.

கார்ல்ஸன் தாம் ஈட்டிய பெரும் பொருளில் மிகுதியையும் தருமத்திற்கு ஈந்து, 1968 செப்டம்பர் 19-இல் காலஞ்சென்றார். பனமலையிற் சிதைந்து நிற்கும் பல்லவர் ஓவியத்தின் தேவியை எவரும் புதிதாக எழுதி மாற்றத் துணியார். அஃது ஒன்றே ஒன்று. ஒத்த பல பொருளில் ஒன்று கெட்டால் மாற்றலாம்; ஒன்றேயாயதை உள்ளவாறு காக்கவேண்டும். இவ்வேறுபாட்டை அறிதலே அறிவு என்பது எம் துணிபு.