தந்திக் கம்பியும் இடிமின்னலும்: டாக்டர் ஓஷாக்னஸியின் கதை

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு எழுதியிருந்தார்கள். மெஸ் சாம்பார், அரியர்ஸ் பேப்பர், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நடந்து வந்தது என்று பழைய நினைவுகளை எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சுவையாகவும் எழுதுவார்கள். நான் படித்ததும் எலெக்ட்ரிகல், பிழைப்பதும் எலெக்ட்ரிகல். ஆகவே நம் தொழிலுக்கு முன்னோடியான ஒருவரை இந்த மலரில் அறிமுகம் செய்யலாம் என்று தோன்றியது. நம் பாடப்புத்தகங்கள் ஓம், கிர்ஃகாஃப், ஃபாரடே பெயரையெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தன. இந்தியாவில் முதன்முதலாக நீண்ட மின்கம்பியைக் கட்டியவர் பெயரைச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவர் எஞ்ஜினீயரே அல்ல, வைத்தியர்!

அவர் பெயர் வில்லியம் ப்ரூக் ஓஷாக்னஸி.

காலராவில் தொடங்கிய வாழ்க்கை

1809-ல் அயர்லாந்தின் லிமரிக் நகரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். 1831-ல் இங்கிலாந்தில் காலரா புகுந்தபோது அவருக்கு வயது 22. நோயாளியின் உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து விடாமல் வெளியேற்றுவதுதான் அக்கால வைத்தியம். இவரோ எடுத்த ரத்தத்தைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார். தண்ணீரும் உப்புகளும் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார். போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று கேட்டு எழுதினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1832-ல் நோயாளிகளின் ரத்தக்குழாயில் உப்புநீரை ஏற்றிப் பார்த்தார். இன்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ஏற்றுகிறார்களே சலைன், அதன் வேர் அங்கே இருக்கிறது.

நிலைமை எப்படியிருக்கிறது என்று முதலில் அளந்து பார், பிறகு மருந்தைப் பேசு. இந்தக் குணம் அவரைக் கடைசிவரை விடவில்லை. மின்சாரத்துக்கு வந்தபோதும் இதுவேதான் அவருக்குக் கைகொடுத்தது.

1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியராகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1835-ல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியரானார். நம் நாட்டு மருந்துச் சரக்குகளை ஆராய்ந்து எழுதினார். 1843-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஒரு மனிதருக்கு இவ்வளவே போதும்தான். ஆனால் நமக்கு வேண்டிய கதை இனிமேல்தான் வருகிறது.

மூங்கில் கம்பமும் விரல் நுனியும்

1839-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துப் பக்கம் மூங்கில்களை நட்டு, போயும் வந்தும் வரிசை வரிசையாக இரும்புக் கம்பியைக் கட்டினார். மொத்த நீளம் 21 மைல். ஹூக்ளி ஆற்றின் நீரையே ஏழாயிரம் அடிக்கு மின்சுற்றின் ஒரு பகுதியாக்கினார். அமெரிக்காவில் மோர்ஸ் தமது புகழ்பெற்ற வாஷிங்டன் - பால்டிமோர் தந்தியை அனுப்பியது 1844-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் நம் ஊர் மூங்கிலில் இது நடந்திருக்கிறது!

செய்தியை வாங்கும் முறைதான் வேடிக்கை. கம்பியின் முனையை விரலால் தொட்டுக்கொண்டு, வரும் மின் அதிர்ச்சியை உணர்ந்து எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது, கம்பியின் கோடியில் இருந்த கருவி ஒரு மனித உடம்பு.

மாணவ நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மைல்கணக்கில் நீளும் கம்பி, திரும்பி வரும் பாதையாக ஆறும் நிலமும், ஒரு கோடியில் ஒருவரின் விரல். தூரத்தில் மேகம் கறுக்கிறது என்று வையுங்கள். அந்தக் கம்பி நாம் அனுப்புகிற மின்சாரத்தை மட்டும்தான் கொண்டுவரும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

நம் பாடத்தில் ஃபாரடே விதி என்று ஒரே வரியில் படித்தோமே, அதுதான் இது. ஒரு கம்பி வளையத்துக்குள் காந்தப் புலம் மாறினால் அங்கே மின்னழுத்தம் பிறக்கும். வளையம் பெரிதாக ஆக அழுத்தமும் கூடும். மாறுகிற வேகம் கூடினாலும் அப்படியே. கம்பி மேலே, நிலம் கீழே என்று அமைந்த தந்திப் பாதை ஒரு மிகப்பெரிய வளையம். மின்னல் அதன் தலையிலேயே விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 ஆம்பியர் மின்னல், 3 மைக்ரோ செகண்டில் உச்சத்துக்கு ஏறுகிறது. நம் வளையம் அதிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கிறது, பரப்பு 10 சதுர மீட்டர்தான். பிறக்கும் அழுத்தம் சுமார் 200 வோல்ட். வீட்டில் கரண்ட் வயர் ஒரு சுவரோரமும் கேபிள் டி.வி. வயர் எதிர்ச் சுவரோரமும் போய், இரண்டும் டி.வி.யில் வந்து சேர்ந்தால் இந்தப் பரப்பு சுலபமாக வந்துவிடும். உள்ளே இருக்கும் சில்லுகளோ 5 வோல்ட்டிலோ 3.3 வோல்ட்டிலோ வேலை செய்கிறவை. அவற்றின் கதி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெடிமருந்துக் கிடங்கு விவகாரம்

மின்னலின் இந்த விஷமம் ஓஷாக்னஸிக்கு ஏட்டளவில் மட்டும் தெரிந்ததல்ல. கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு இடிதாங்கி வைக்கலாமா, வைத்தால் எப்படி என்று அவர் அறிக்கை எழுதினார். 1840 வாக்கில் அந்தக் கடிதப் போக்குவரத்து அச்சிலும் வந்தது. இடிதாங்கி மின்னலை வாங்கிக் கீழே இறக்குகிறபோது, அதையொட்டி இருக்கும் வேறு இரும்புக்கு ஒரு பொறி பக்கவாட்டில் தாவினால்? கிடங்கு முழுக்க வெடிமருந்து அல்லவா இருக்கிறது! விவாதம் லண்டன் வரைக்கும் போனது.

இன்றைய விடை இதுதான். தாவல் உண்மை. அதற்குப் பயந்து இடிதாங்கியைக் கழற்றி எறிவது தீர்வாகாது. இரண்டு உலோகங்களையும் ஒன்றாக இணைத்து எர்த் செய்ய வேண்டும், இல்லையென்றால் போதுமான தூரம் தள்ளி வைக்க வேண்டும். பாதி இணைத்து, பாதி விட்டு, பக்கத்திலேயே வைப்பதுதான் ஆபத்து. நம் கட்டடங்களில் மாடியில் இடிதாங்கிப் பட்டையும் அதை ஒட்டியே காமிரா வயரும் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிடங்குதான் ஞாபகம் வரும்.

இரும்புத் தடியில் ஓடிய செய்தி

பத்து வருஷம் யாரும் அவர் தந்தியைச் சீண்டவில்லை. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வந்த பிறகுதான் காலம் கனிந்தது. 1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை பாதை போட்டார். கம்பி என்று சொல்வதைவிடத் தடி என்று சொல்லலாம். ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு தடிமன், கணக்குப் போட்டால் மைலுக்கு ஏறக்குறைய 900 கிலோ இரும்பு! குரங்கும் கழுகும் உட்காரும், புயல் அடிக்கும், விழுந்தால் மாடும் யானையும் மிதிக்கும், எதற்கும் அசையக்கூடாது என்பது அவர் கணக்கு. மண்ணுக்கடியில் போன பகுதிக்கு அந்தத் தடியில் மதராஸ் துணியைச் சுற்றி, உருக்கிய கீலில் நனைத்தார். ஆமாம், நம் தறியில் நெய்த துணிதான் முதல் இந்தியத் தந்திக்கு இன்சுலேஷன்!

இதில் அவருக்கு வலது கையாக இருந்தவர் சிப்சந்திர நந்தி என்ற வங்காளி. சிப்சந்திர நந்தி கல்லூரிப் படியேறாதவர். டயமண்ட் ஹார்பர் முனையிலிருந்து முதல் சைகை அனுப்பியவர் அவரே. நம் மாணவர்கள் அவர் பெயரையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

1853 நவம்பரில் பெரிய வேலை தொடங்கியது. 1854 மார்ச்சில் கல்கத்தாவும் ஆக்ராவும் பேசின. 1855 பிப்ரவரியில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் இணைப்பு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இந்தத் தந்தி நம்மை ஆள்வதற்காகப் போடப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1857 மே மாதம் டெல்லியில் எழுந்த புரட்சிச் செய்தி அம்பாலாவுக்குப் பறந்தது இந்தக் கம்பியில்தான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தடித்த இரும்பு யானைக்கும் புயலுக்கும் தப்பியது சரி. ஆனால் பாதை எவ்வளவுக்கு எவ்வளவு உறுதியோ, அவ்வளவு நன்றாக அது மின்னலின் அதிர்வையும் மேஜைவரை கொண்டுவந்து சேர்க்கும்! கம்பி பிழைக்கும், கருவி சாகும். அந்தக் காலத்து ஊசித் தந்திக் கருவிகளில் முடிபோன்ற கம்பிச் சுருள் கருகிப்போகும். காந்த ஊசி தன் காந்தத்தையே இழக்கும், இல்லையென்றால் வடக்கு தெற்காக மாறிவிடும்.

சீமையிலிருந்து வரும் நுட்பமான கருவி இங்கே சரிப்படாது என்று ஓஷாக்னஸி முடிவுகட்டினார். ஒற்றை ஊசி படுத்தவாக்கில் ஆடும் எளிய கருவியைத் தாமே வடிவமைத்தார். கல்கத்தாவிலேயே செய்யலாம், கெட்டால் உள்ளூர் ஆளே சரிபார்க்கலாம். உலகெங்கும் தந்தி நிலையங்கள் இன்னொரு காப்பையும் கற்றன. கம்பி உள்ளே நுழையும் இடத்திலேயே இரண்டு உலோகத் தகடுகளை மயிரிழை இடைவெளியில் வைத்து, ஒன்றைப் பாதையோடும் மற்றதை நிலத்தோடும் இணைத்தார்கள். சாதாரணச் செய்திக்கு அந்த இடைவெளி ஒரு சுவர். மின்னலின் அழுத்தத்துக்கு அது ஒரு வாசல், தாவி மண்ணுக்குள் போய்விடும்.

மில்லுக்குள் வந்த மின்னல்

நூற்றெழுபது வருஷத்துப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். ராஜபாளையம் வட்டாரத்தில் ஒரு நூற்பு மில். பெயர் வேண்டாம். இன்வெர்ட்டர் டிரைவ்கள் வந்த பிறகு, மோட்டார் ஓடும்போதெல்லாம் வேகம் காட்டும் சென்சார் தாறுமாறாக எண் காட்டியது. சென்சாரை மூன்று தடவை மாற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளும் சென்சார் வயரும் ஒரே டிரேயில் அறுபது மீட்டர் கட்டிப்பிடித்துக்கொண்டு போகின்றன! டிரைவ் ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்னழுத்தத்தை வெட்டி ஒட்டும் சாதனம். மேகத்து மின்னலுக்கு அது ஒரு சின்னத் தம்பி. சென்சார் வயரைத் தனி டிரேயில் போட்டு, முறுக்கிய ஜோடிக் கம்பியாக மாற்றி, மேல் கவசத்தை எர்த் செய்தோம். சென்சார் பழைய சென்சாரேதான். எண் சரியாக வந்தது.

மலையடிவாரத்தில் இருக்கும் நம் ஊருக்குச் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி புதிதல்ல. ஆகவே ஓஷாக்னஸி சார்பில் சில வார்த்தைகள்:

யு.பி.எஸ். இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது காவல் காப்பது கரண்ட் வாசலை. இன்டர்நெட் வயர், கேபிள் வயர், காமிரா வயர் எல்லாம் திறந்து கிடக்கும் கொல்லைப்புறம். உலோகக் கம்பி எத்தனை வழியாக உள்ளே வருகிறதோ அத்தனை வழிக்கும் காப்பு வேண்டும். எம்.சி.பி. விழுந்து காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். அது மில்லி செகண்ட் கணக்கில் விழும், மின்னல் மைக்ரோ செகண்டில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். அதற்கென்று உள்ள சர்ஜ் அரெஸ்டரை, நுழைவாயிலிலேயே, முடிந்த அளவு குட்டையான எர்த் வயரோடு பொருத்துங்கள். எல்லா எர்த்தையும் ஒன்றாக இணையுங்கள். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் வயருக்கு ஃபைபர் போட்டால் உத்தமம், கண்ணாடிக்குள் மின்னல் புகாது. ஒன்றும் முடியாவிட்டால், இடி தொடங்கும் முன்பே பிளக்கோடு டேட்டா வயரையும் உருவி வையுங்கள். செலவில்லாத காப்பு அது.

கடைசிக் காலம்

1856-ல் ஓஷாக்னஸிக்கு சர் பட்டம் கிடைத்தது. இந்தியத் தந்தித் துறையின் முதல் தலைவராக இருந்தவர், அடுத்த சில வருஷங்களில் தாயகம் திரும்பினார். பெயரைக்கூட வில்லியம் ஓஷாக்னஸி ப்ரூக் என்று மாற்றிக்கொண்டு ஒதுங்கியே வாழ்ந்தார். 1889 ஜனவரி 8 அன்று சவுத்ஸீ என்ற கடலோர ஊரில் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த தந்திச் சேவை 2013 ஜூலையில் நம் நாட்டில் விடைபெற்றது.

தந்தி போய்விட்டது. கம்பி போகவில்லை, முன்னைவிடப் பல மடங்கு பெருகியிருக்கிறது. அதன் கோடியில் இருக்கும் கருவியோ முன்னைவிட நோஞ்சான். ஆகவே இளைய நண்பர்களே, புராஜெக்ட் செய்யும்போது சர்க்யூட்டை மட்டும் வரையாதீர்கள். அதற்குள் வரும் ஒவ்வொரு கம்பியும் எந்தெந்த வழியாக வருகிறது, பக்கத்தில் எது ஓடுகிறது என்பதையும் வரையுங்கள். அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் நாங்கள் இருக்கிறோம். கேட்கத் தயங்க வேண்டாம்.

சங்க விழா சிறக்கட்டும்! அன்று மழை பெய்தாலும் மைக் செட் பிழைக்கட்டும்!