அண்ணல் அம்பேத்கரும் மகாத் குளமும்

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை நம் அன்பர்கள் பலகாலும் கேட்டுள்ளனர். ஆதலின், 1891 ஏப்ரல் 14-ல் பிறந்தது முதல் யாவற்றையும் ஈண்டு விரிக்கப் புகுந்திலோம். மனிதனுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவை முன்வைத்து, தண்ணீரைப் பற்றி மட்டும் சில கூறுவோம்.

சதாரா பள்ளியில் ஏவலாள் உயரத்திலிருந்து ஊற்றினாலன்றிச் சிறுவன் பீமனுக்கு நீரில்லை. கொலம்பியாவில் பயின்று திரும்பி, 1918-ல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியரான பின்னரும், ஆசிரியர்களின் பானையை அவர் தொடலாகாதெனச் சிலர் தடுத்தனர். கல்வியும் பதவியும் உரிமை தருமெனின் அன்றே தந்திருக்க வேண்டுமன்றோ?

சட்டம் தருமோ? பொதுக் கிணறுகளும் குளங்களும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியனவென 1923-ல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானித்தது. 1924-ல் மகாத் நகராட்சி தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டது. ஏட்டில் உரிமை பிறந்தது. குளத்திலிறங்கத்தான் எவரும் துணிந்திலர். 1927 மார்ச் 20-ல் அண்ணல் ஆயிரக்கணக்கானோருடன் அணிவகுத்துச் சென்று அந்நீரைப் பருகினார். அன்றே அவர்கள் மீது தடியடி விழுந்தது. பின்னர்ப் பால், தயிர், சாணம், கோமியம் கலந்த 108 குடங்களால் குளத்தின் தீட்டைக் கழித்தனராம். ஆடுமாடுகள் பருகியபோது வாராத தீட்டு! அவ்வாண்டே நகராட்சி தன் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது.

வழக்குப் பத்தாண்டு நடந்து, 1937 மார்ச் 17-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம்மவர் வென்றனர். ஆயினும் தீர்ப்பின் காரணத்தை ஊன்றி நோக்குக. எதிரிகள் காட்டிய வழக்கம் தொன்றுதொட்டு வந்ததென மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அது. மெய்ப்பித்திருந்தால் என்னாகும்? அயலானும் தன்னைப்போன்ற மனிதனே என்னும் உணர்வின்மேல் நில்லாத உரிமை அத்துணை மெலிந்த நூலில் தொங்குகிறது.

அண்ணல் இதனை நன்கறிந்திருந்தார். உரிமைகளைக் காப்பது சட்டத்தினும் சமுதாயத்தின் மனச்சான்றே என்னும் கருத்தை 1943-ல் புனாவில் ரானடே நினைவுச் சொற்பொழிவில் விளக்கினார். அதனால் அவர் சட்டத்தைக் கைவிட்டாரல்லர். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவைக் கொண்ட அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் 1954-ல் வானொலியில் பேசுகையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்து தாம் கடன்பெறவில்லை என்றும், தம் ஆசானாகிய புத்தர்பிரானின் போதனையிலிருந்தே பெற்றதாகவும் அறிவித்தார். அம்மூன்றனுள் சகோதரத்துவத்திற்கே முதலிடம் தந்தார். நாம் மைத்திரி என்பது அதனையே.

1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் பல லட்சம் மக்களோடு அவர் தம்மம் தழுவினார். டிசம்பர் 6-ல் மறைந்தார். மறுநாள் தாதர் கடற்கரையில், நம் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடைதொலைவிலேயே, அவருக்கு எரியூட்டப்பட்டது.