உண்ணாவிரதத்தின் 6-வது நாளில் மரணம்: அந்தமான் சிறையில் மகாவீர் சிங்குக்கு என்ன நடந்தது?

பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறினால் எதிர்க்கரையில் சாத்தம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி செல்லுலார் சிறை. சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் இருக்கும் சிலைகளில் ஒன்று மகாவீர் சிங்குடையது. சுற்றுலா போனவர்கள் அதன் முன்னால் செல்ஃபிகூட எடுத்திருப்பீர்கள்.

1933 மே 12 அன்று அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மே 17 அன்று மகாவீர் சிங் இறந்துவிட்டார். பசியால் இறந்தார் என்று நினைத்துக்கொள்வது சுலபம். ஆனால் கணக்கு இடிக்கிறது.

யார் இவர்?

1904-ல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் எட்டா பகுதியில் பிறந்தவர். கான்பூரில் கல்லூரிப் படிப்பு, பிறகு பகத் சிங்கின் புரட்சி இயக்கம். லாகூர் சதி வழக்கில் 1930 அக்டோபரில் பகத் சிங்குக்குத் தூக்கு. இவருக்கு ஆயுள் முழுக்க நாடு கடத்தல். அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பெல்லாரி சிறையில் கொஞ்ச காலம், அதன் பிறகு அந்தமான்.

அங்கே கைதிகள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பிடக்கூடிய உணவு, அறையில் விளக்கு, படிக்கப் புத்தகம், பத்திரிகை. அவ்வளவுதான்.

சாப்பிடாமல் இருந்தால் உடல் என்ன செய்யும்?

கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளுக்குத்தான் வரும். அதன் பிறகு உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது உருவாகும் கீட்டோன்களில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். சிறுநீரைச் சோதித்தாலே தெரிந்துவிடும். நாள் போகப் போக தசை கரைவதை உடல் குறைத்துக்கொள்ளும், அதனால் சிறுநீரில் யூரியாவும் குறையும். தண்ணீர் மட்டும் குடித்தால் ஆரோக்கியமான ஒருவர் பல வாரங்கள் தாங்குவார். இதே லாகூர் வழக்கின் ஜதின் தாஸ் 1929-ல் 63 நாள் தாங்கினார். மகாவீர் சிங்குக்கு அப்போது வயது 28. 6 நாள் பட்டினி அவரைக் கொன்றிருக்க வாய்ப்பே இல்லை.

கொன்றது, ஊட்டிய பால்.

தொண்டையில் இரண்டு வழிகள். முன்னால் மூச்சுக்குழாய், அதன் பின்னால் உணவுக்குழாய். நாமாக விழுங்கும்போது குரல்வளை மேலே எழும், அதன் மூடி சாயும், மூச்சு ஒரு கணம் நிற்கும். ஒவ்வொரு வாய்க்கும் இது தானாக நடக்கிறது. ஆனால் கை காலை அமுக்கிப் பிடித்து, மூக்கு வழியாக ரப்பர் குழாயைத் திணிக்கும்போது எதிர்க்கிற மனிதர் விழுங்குவதில்லை. மூச்சு வாங்குகிறார், கத்துகிறார். குரல்வளை திறந்தே இருக்கிறது, குழாய் அதற்குள் போய்விடுகிறது. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தோ, உறிஞ்சிய திரவத்தின் அமிலத்தன்மையைப் பார்த்தோ உறுதி செய்த பிறகுதான் உணவு கொடுப்பார்கள். அன்று அவர் உடலில் குழாய் இறங்கியது நுரையீரலுக்கு. பால் ஊற்றினார்கள். காற்று நிரம்ப வேண்டிய நுண்ணறைகளில் பால் நிரம்பினால், ரத்தத்துக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

உடல் வீட்டாருக்குக் கொடுக்கப்படவில்லை, கடலில் போட்டுவிட்டார்கள்.

சிறை நிர்வாகம் அதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. மே 26-ல் மோகன் கிஷோர் நமதாஸ், மே 28-ல் மோஹித் மொய்த்ரா. இருவருமே வலுக்கட்டாயமாக உணவூட்டியதைத் தொடர்ந்து நிமோனியா வந்து இறந்தவர்கள். 17 நாளில் 3 மரணம். பட்டினியிலிருந்து உயிரைக் காப்பாற்றத்தான் குழாய் என்ற வாதத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மற்ற கைதிகள் போராட்டத்தைக் கைவிடவில்லை. ஜூன் 26-ல், 46-வது நாளில் அது முடிந்தது. விளக்கும் புத்தகமும் கிடைத்தன.

சுயநினைவோடு, விளைவு தெரிந்து உணவை மறுக்கும் கைதிக்கு மருத்துவர் வலுக்கட்டாயமாக உணவூட்டக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் டோக்கியோ பிரகடனத்தில் சொன்னது 1975-ல். மகாவீர் சிங் இறந்து அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.