வரப்பை விட்டு இறங்காத தாட்சாயணி

வயல் வரப்பு ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். எதிரே உயர்சாதிக்காரர் வந்தால் புலையர் சேற்றில் இறங்கி ஒதுங்க வேண்டும் என்பது அன்றைய கொச்சி சமஸ்தானத்து வழக்கம். திருச்சூர் பக்கம் ஆசிரியையாக இருந்த தாட்சாயணியையும் ஒருநாள் எதிரே வந்த நாயர் பெண் ஒதுங்கச் சொன்னார். தாட்சாயணி அசையவில்லை. போக வேண்டுமென்றால் அவரே இறங்கிப் போகலாம் என்று சொல்லிவிட்டு நின்றார். கடைசியில் வயலில் இறங்கியது அந்தப் பெண்தான்.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருந்தது. எர்ணாகுளத்தை அடுத்த முளவுகாடு தீவில் 1912-ல் பிறந்தவர் தாட்சாயணி. கரையில் கூட்டம் போடப் புலையருக்கு அனுமதியில்லை. எனவே 1913-ல் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, தண்ணீர்மேல் மாநாடு நடத்தினார்கள். நிலம்தானே ராஜாவுடையது! முன்நின்றவர்களில் அவருடைய குடும்பத்தாரும் உண்டு. அழகி, காளி, சக்கி என்றே புலையப் பெண்களுக்குப் பெயர் வழங்கிய காலத்தில், தாட்சாயணி என்று பெயரிட்டதே ஒரு சவால்தான்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். உயர்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்துகாட்ட மறுத்தார். தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டு, 1935-ல் பட்டம் பெற்றார். பத்தாண்டுகள் பள்ளி ஆசிரியை வேலை. 1940-ல் வார்தாவில் காந்தி, கஸ்தூரிபா முன்னிலையில் வேலாயுதனோடு திருமணம் நடந்தது.

1946-ல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அப்போது வயது 34. அந்தச் சபையில் இருந்த 15 பெண்களில் தலித் அவர் ஒருவரே. காங்கிரஸில் இருந்துகொண்டே, அதிகாரம் மத்தியில் குவிவதாக அரசியல் சட்ட வரைவைக் கடுமையாக விமர்சித்தார். அம்பேத்கர் நெடுங்காலம் கேட்டுவந்த தனி வாக்காளர் தொகுதி முறையையும் ஏற்கவில்லை. இது நம்மில் பலருக்கு இன்றும் உறுத்தும். ஆனாலும் அது தானே யோசித்து எடுத்த நிலைப்பாடு.

1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. தாட்சாயணியின் பேச்சு நேரத்தைத் தாண்டிப் போனது. பெண் என்பதால்தான் தொடர விடுவதாக அன்று தலைமை வகித்த சபைத் துணைத் தலைவர் குறிப்பிட்டார். அதற்கெல்லாம் கூசாமல் பேசி முடித்தார். சட்டம் எழுதினால் மட்டும் போதாது, மக்கள் இனி எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அவர் வாதம். அந்தப் பிரிவுதான் இன்றைய 17-வது பிரிவு.

1971-ல் அடூர் மக்களவைத் தொகுதியில் நின்று தோற்றார். பிறகு டெல்லியில் துப்புரவுப் பணிப் பெண்களைத் திரட்டும் வேலையில் இறங்கினார். 1977-ல் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜூலையில் காலமானார்.