மூட்டு தந்த மேதை சர் ஜான் சார்ன்லி

ஓயாது உரசும் உறுப்பு தேயும் என்பதைத் தறிச் சத்தம் கேட்டு வளரும் சங்கரன்கோவில் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனித உடலில் அவ்வாறு தேயும் இடம் மூட்டு. தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு மாற்று வகுத்து, முடங்கியோரை நடக்க வைத்தவர் சர் ஜான் சார்ன்லி.

இங்கிலாந்தின் பெரி நகரில் 1911 ஆகஸ்டு 29ஆம் நாள் பிறந்தார். மான்செஸ்டரில் மருத்துவம் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு ஆராய்ச்சியில் இறங்கினார்.

எஃகுப் பந்து, வழுவழுப்பான டெஃப்லான் கிண்ணம், அவற்றை எலும்பில் பதிக்க அக்ரிலிக் சிமெண்டு: இதுவே அவர் வகுத்த மூட்டு. ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். வலி நீங்கியது, கோலூன்றியவர்கள் கோலின்றி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே பேரிடி விழுந்தது. கிண்ணம் தேய்ந்தது, உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசு கட்டியாய்த் திரண்டது, எலும்பு அரிக்கப்பட்டது, மூட்டு தளர்ந்தது. தாம் பொருத்திய மூட்டுகளைத் தாமே அகற்ற வேண்டிய துயர நிலை அவருக்கு நேர்ந்தது.

1962இல் பாலிஎத்திலீன் துண்டு ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. சார்ன்லி அதைப் பயனற்றது என ஒதுக்கிவிட்டு வெளிநாடு சென்றார். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவனோ அதைத் தேய்மான எந்திரத்தில் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை! திரும்பி வந்த சார்ன்லி கண்டார்; தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே பாலிஎத்திலீன் கிண்ணங்களைப் பொருத்தத் தொடங்கினார்.

தேய்மானம் ஒருபுறம்; உதிரும் துகளை உடல் ஏற்குமா என்பது மறுபுறம். இரு பொருள்களின் துகள்களையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். மாதங்கள் கழிந்தபின் டெஃப்லான் இருந்த இடத்தில் கட்டி தட்டுப்பட்டது. பாலிஎத்திலீன் இருந்த இடத்தில் இல்லை. இதனை 1963இல் லான்செட் இதழில் வெளியிட்டார்.

கிருமியே இல்லாதபோது எலும்பு ஏன் கரைகிறது? அந்நியத் துகளை மேக்ரோபேஜ் செல்கள் விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலாது. அவை சுரக்கும் அழற்சிப் புரதங்கள், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைப் பெருக்குகின்றன. கட்டுவதினும் கரைப்பது மிகும்போது எலும்பு குறைகிறது. பாலிஎத்திலீனும் இதற்கு முற்றும் விலக்கன்று என்பது பின்னர் தெரிந்தது. எனவேதான் குறைவாகத் தேயும் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் பிற்காலத்தில் வந்தது.

1977இல் சர் பட்டம் பெற்ற சார்ன்லி, 1982 ஆகஸ்டு 5ஆம் நாள் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிப் படியேறியவர்கள் நம்மில் பலர். கற்றவர் சொன்னால் அதுவே முடிவு என்று எண்ணிவிடுகிறோம். கற்றவரின் சொல்லை எந்திரத்தருகே நின்றவரின் சோதனை வென்றது. வென்றதை அந்தக் கற்றவரே ஏற்றார். அறிவியலின் பெருமை இதுவே.